சம்பளம் குறைந்த மேசைகள்: ஓர் ஆணைக்குழுவின் பட்டதாரிகள்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவரின் மகள் சில வாரங்களுக்கு முன்னர் தொலைபேசியில் அழைத்திருந்தார். பல்கலைக்கழகப் படிப்பை முடித்திருந்த அவருக்கு இரண்டு நியமனக் கடிதங்கள் கிடைத்திருந்தன. ஒன்று பெரிய தொலைபேசிக் கம்பனி ஒன்றிடமிருந்து வந்தது. மற்றது தொடர்பாடல் துறையை ஒழுங்குபடுத்தும் அரச நிறுவனத்திடமிருந்து வந்தது. கம்பனியின் சம்பளம் அதிகம். "அரசாங்கப் பக்கம் போனால் கோப்புக் கட்டுகளுக்குள் புதைந்துபோவேனோ, மாமா?" என்று அவர் கேட்டார்.

கோப்புகளை எழுதுபவர்களிடம் செய்தி கேட்டுக் கேட்டே காலம் கழித்தவன் நான். ஆயினும் அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல என்னால் இயலவில்லை. அப்படிப்பட்ட மேசைகளில் உட்கார்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நீண்ட வரலாறு கொண்டதும் நிறைய எழுதப்பட்டதுமான நிறுவனம் என்பதால் அமெரிக்காவின் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவை எடுத்துக்கொண்டேன். சுருக்கமாக எப்.சி.சி. என்று அழைக்கப்படுவது அதுதான்.

அந்த ஆணைக்குழுவுக்கு ஒரு முன்னோடி இருந்தது. வானொலி நிலையங்கள் ஒன்றின் அலைவரிசையில் மற்றது புகுந்து கூச்சலிட்ட காலத்தில், 1927 ஆம் ஆண்டு, சமஷ்டி வானொலி ஆணைக்குழு என்ற பெயரில் ஒன்று அமைக்கப்பட்டது. சட்டத்தை நிறைவேற்றிய அமெரிக்கக் காங்கிரஸ் அதற்குப் பணம் ஒதுக்கத் தவறிவிட்டது. ஐந்து ஆணையாளர்களில் இருவர் அந்த ஆண்டே காலமானார்கள். வேறு திணைக்களத்திலிருந்து இரவல் வாங்கிய ஊழியர்களைக் கொண்டே வேலை தொடங்கியது. ஒழுங்குபடுத்தும் அமைப்பொன்றைச் சட்டத்தால் உருவாக்குவது எளிது, ஆட்களால் உருவாக்குவது கடினம் என்பதற்கு அது முதற்பாடம்.

1934 ஜூன் 19 ஆம் திகதி ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடர்பாடல் சட்டத்தில் கையொப்பமிட்டார். வானொலியும் தந்தியும் தொலைபேசியும் ஒரே ஆணைக்குழுவின் கீழ் வந்தன. எப்.சி.சி. பிறந்த கதை அதுதான்.

அது பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். நியூயோர்க்கின் பெரிய சட்ட நிறுவனங்கள் புதியவர்களைச் சேர்ப்பதைக் குறைத்திருந்தன. யூதர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் அந்த நிறுவனங்களின் கதவுகள் நல்ல காலத்திலேயே எளிதில் திறந்ததில்லை. எனவே திறமை மிக்க இளம் சட்டப் பட்டதாரிகள் வொஷிங்டனுக்கு இரயிலேறினார்கள். ஹார்வர்ட் சட்டக் கல்லூரியின் பேராசிரியர் பீலிக்ஸ் பிராங்க்பர்ட்டர் தமது மாணவர்களை ஒவ்வோர் அரச நிறுவனத்துக்கும் அனுப்பிவைப்பதையே ஒரு தொண்டாகக் கொண்டிருந்தார். தனியார் துறை வேண்டாம் என்று ஒதுக்கிய மூளைகளை அரசாங்கம் குறைந்த சம்பளத்துக்குப் பெற்றுக்கொண்டது.

அவர்களுக்குக் கிடைத்த முதல் வேலையும் சாதாரணமானதன்று. அக்காலத்து உலகின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்றான ஏ.டி. அன்ட் டி. தொலைபேசி நிறுவனத்தின் கணக்குகளை ஆராயும்படி 1935 இல் காங்கிரஸ் பணித்தது. சட்டத்தரணிகளும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் அடங்கிய குழுவினர் அந்தக் கம்பனியின் பேரேடுகளைப் புரட்டினார்கள். 1939 இல் இறுதி அறிக்கை வெளிவந்தது. கம்பனி உடனே அசைந்துவிடவில்லை. ஆனால் தொலைபேசிக் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அரசாங்கத்தின் பக்கத்திலும் அறிந்த ஒரு கூட்டம் அதன் பின்னரே உருவாயிற்று. அறிவு ஒரு தரப்பிடம் மட்டும் இருக்கும்வரை ஒழுங்குபடுத்தல் என்பது வெறும் சொல்தான்.

இரண்டாவது உலகப் போர் மற்றொரு வகைப் பட்டதாரிகளை ஆணைக்குழுவுக்குள் கொண்டுவந்தது. 1941 பெப்ரவரியில் வெளிநாட்டு வானொலிகளைச் செவிமடுக்கும் சேவையொன்று எப்.சி.சி.யின் கீழ் தொடங்கப்பட்டது. மொழி கற்றோர், உளவியல் கற்றோர், அரசியல் விஞ்ஞானம் கற்றோர் எல்லாரும் அங்கே தேவைப்பட்டார்கள். பெர்லினும் டோக்கியோவும் என்ன சொல்கின்றன, எந்தத் தொனியில் சொல்கின்றன என்று கேட்டு, மொழிபெயர்த்து, ஆராய்ந்து எழுதுவது அவர்களின் தொழில். 1941 டிசம்பர் 6 ஆம் திகதியிட்ட அவர்களது ஆய்வறிக்கை ஜப்பானிய வானொலியின் தொனி அமெரிக்காவுக்கு எதிராகக் கடுமையடைந்திருப்பதைக் குறிப்பிட்டது. மறுநாள் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது. செய்தி மேசையில் இருந்தவர்களுக்கு அந்த ஒருநாள் இடைவெளியின் கனம் விளங்கும்.

அந்தச் சேவையில் இருந்த இருவருக்கு நேர்ந்ததை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் குட்வின் வொட்சன். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கற்பித்த உளவியலாளர். மற்றவர் வில்லியம் டொட். ஹிட்லரின் ஜேர்மனியில் அமெரிக்கத் தூதுவராக இருந்தவரின் அதே பெயர் கொண்ட மகன். 1943 இல் காங்கிரஸ் உறுப்பினர் மார்ட்டின் டைஸ், அரச சேவையிலிருந்த பலரின் பெயர்களைப் படித்து அவர்கள் இடதுசாரிச் சதிகாரர்கள் என்று குற்றஞ்சாட்டினார். விசாரணை மூடிய கதவுகளுக்குப் பின்னே நடந்தது. இறுதியில் ஒரு நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் உள்ளே ஒரு பிரிவு நுழைக்கப்பட்டது. 1943 நவம்பர் 15 ஆம் திகதிக்குப் பின்னர் வொட்சன், டொட், மேலும் வேர்ஜின் தீவுகளில் பணியாற்றிய ரொபர்ட் லொவெட் ஆகிய மூவருக்கும் அரசாங்கப் பணத்திலிருந்து சம்பளம் வழங்கலாகாது என்று அவர்களின் பெயர்களைக் குறித்தே அச்சட்டம் கூறியது. ரூஸ்வெல்ட் தமது ஆட்சேபத்தைத் தெரிவித்துக்கொண்டே கையொப்பமிட்டார். போர்க் காலத்தில் அந்த நிதி அவருக்கு அவசியமாயிருந்தது.

மூவரும் சம்பளம் நின்ற பின்னரும் சில காலம் வேலைக்குச் சென்றார்கள். அந்த நாட்களுக்குரிய பணத்தைக் கேட்டு வழக்குத் தொடுத்தார்கள். தொகை சிறியது. 1946 ஜூன் 3 ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட மனிதரின் பெயரைச் சொல்லி, நீதிமன்ற விசாரணையின்றி, சட்டத்தினால் தண்டிப்பது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று நீதியரசர் ஹியூகோ பிளக் எழுதினார். இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் வழக்கு அது. மொழியின் பெயரால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரச எழுதுவினைஞர் ஒருவர் 1960களில் பிரிவி கவுன்சில் வரை சென்று போராடியதை அறிந்த இலங்கைத் தமிழ் வாசகருக்கு அந்த வழக்கின் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. ஓர் அரச ஊழியரின் வாயை மூடச் சிறை வேண்டியதில்லை, சம்பளப் பட்டியலே போதும்.

இதே காலத்தில் எப்.சி.சி.யின் முதலாவது தலைமைப் பொருளியலாளராக இருந்தவர் டலஸ் ஸ்மைத். கனடாவின் ரெஜைனா நகரில் 1907 இல் பிறந்தவர். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் பொருளியலில் கலாநிதிப் பட்டம் பெற்று, வேறு அரச திணைக்களங்களில் பணியாற்றிவிட்டு 1943 இல் ஆணைக்குழுவுக்கு வந்தார். வானொலி நிலையங்கள் எவ்வளவு சம்பாதிக்கின்றன, அதற்கு ஈடாகப் பொதுமக்களுக்கு எதைக் கொடுக்கின்றன என்று கணக்குப் பார்ப்பது அவரது வேலையாயிற்று. 1946 மார்ச்சில் வெளியான, அட்டையின் நிறத்தால் 'நீலப் புத்தகம்' என்று பெயர்பெற்ற அறிக்கையில் அந்த உழைப்பு இருந்தது. அனுமதிப்பத்திரம் பெறும்போது கொடுத்த வாக்குறுதிகளை நிலையங்கள் காப்பாற்றுகின்றனவா என்று அது கேட்டது. ஒலிபரப்பு முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். 1948 இல் ஸ்மைத் விலகி இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகச் சென்றார். அங்கே அவர் தொடங்கிய, தொடர்பாடலின் அரசியல் பொருளாதாரம் என்ற பாடநெறி ஒரு புதிய கல்வித் துறைக்கே வித்திட்டது. அவரைப் பற்றி மேலும் இரு தடவை சொல்லவேண்டி வரும்.

ஸ்மைத் விலகினார். விலகாமல் இருந்தவர்களும் உண்டு. பேர்னாட் ஸ்ட்ராஸ்பர்க் 1940களின் தொடக்கத்தில் இளம் சட்டத்தரணியாக எப்.சி.சி.யில் சேர்ந்தார். தொலைபேசிப் பிரிவிலேயே படிப்படியாக உயர்ந்து, 1960களில் அதன் தலைவரானார். ஒரே கட்டடத்தில் முப்பது ஆண்டுகள்! நமது ஊர்களில் இதனைத் 'தலை நரைக்கும்வரை ஒரே கதிரை' என்று கேலி செய்வோம். ஆனால் அந்தக் கதிரையில் நடந்ததைப் பாருங்கள்.

அமெரிக்காவில் தொலைபேசிக் கருவி கம்பனிக்கே சொந்தமாயிருந்த காலம் அது. பேச்சு பக்கத்திலிருப்பவர் காதில் விழாதபடி வாய்ப்பகுதியில் பொருத்தும் ஒரு சிறு கிண்ணத்தைக்கூட இணைக்கக் கூடாது என்று கம்பனி தடுத்தது. 1955 இல் எப்.சி.சி.யும் கம்பனி பக்கமே நின்றது. மறு ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவைத் தள்ளியது. பின்னர் டெக்சாஸைச் சேர்ந்த டொம் கார்ட்டர் என்ற வியாபாரி, வானொலித் தொடர்புக் கருவியைத் தொலைபேசியுடன் இணைக்கும் ஒரு சாதனத்தைக் கொண்டுவந்தார். இம்முறை ஆணைக்குழு மாறியிருந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கின் பிரிவு கையாண்ட அந்த வழக்கில், வலையமைப்புக்குக் கேடு செய்யாத எந்தச் சாதனத்தையும் இணைக்கலாம் என்ற கருத்தில் 1968 ஜூனில் முடிவு வந்தது. தொலைநகல், பதிலளிக்கும் இயந்திரம், மோடம் எல்லாம் சாதாரண வீட்டுக்குள் புகுந்தது அந்த வாசல் வழியாகத்தான். கணினிகள் தொலைபேசிக் கம்பிகளில் பேசத் தொடங்கினால் என்ன செய்வது என்ற விசாரணையை ஆணைக்குழு 1966 இலேயே தொடங்கியிருந்தது. அந்தச் சேவைகளைத் தொலைபேசிச் சட்டத்தின் பிடிக்குள் அடைக்காமல் விட்டது இணையத்தின் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவிற்று.

இவற்றை முடிவெடுத்தவர்கள் ஆணையாளர்கள். கேள்வியைச் சரியாக அமைத்தவர்கள் உத்தியோகத்தர்கள். பெயர்ப் பலகையில் ஆணையாளரின் பெயர் வரும். பாதி விடை கேள்வியிலேயே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

பொறியியலாளர் மைக்கல் மார்க்கஸின் கதை இன்னும் சுவையானது. மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பெல் ஆய்வகத்திலும் பணியாற்றிய பின்னரே எப்.சி.சி.க்கு வந்தவர். 'பரவல் அலை' என்று சொல்லத்தக்க தொழில்நுட்பம் அப்போது பெரும்பாலும் இராணுவத்துக்கு உரியதாயிருந்தது. சமிக்ஞையை ஒரே அலைவரிசையில் குவிக்காமல் அகலமாகப் பரப்பி அனுப்புவது அது. அதனைப் பொதுமக்களின் பாவனைக்கு, அனுமதிப்பத்திரம் எதுவுமின்றித் திறந்துவிட வேண்டும் என்று அவர் வாதாடினார். இதற்கு உகந்தவையாகக் கருதப்பட்டவை 'குப்பை அலைவரிசைகள்' என்று இகழப்பட்டவை. நுண்ணலை அடுப்புகள் இயங்குவதும் அங்கேதான். ஏற்கெனவே அலைவரிசைகளை வைத்திருந்த பலர் எதிர்த்தார்கள். 1985 மேயில் விதி நிறைவேறியது.

அன்று வைஃபை என்ற சொல்லே இல்லை. அந்தப் பெயருக்கு அடிப்படையான முதல் தரநியமம் வெளியானது 1997 இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். அந்த விதிக்குப் பின்னர் தாம் அலைவரிசைக் கொள்கை வகுக்கும் பணியிலிருந்து அகற்றப்பட்டதாக மார்க்கஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். 2004 இல் அவர் ஓய்வுபெற்றபோது உலகின் விமான நிலையங்களும் தேநீர்க் கடைகளும் அவரது விதியின் மேல் இயங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தை நீங்கள் வீட்டிலிருந்து கம்பியின்றி வாசிப்பவரானால் அவருக்கு நீங்களும் ஒரு கடன்காரர்.

இனி ஸ்மைத்தை மீண்டும் அழைக்கிறேன். 1951 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் லியோ ஹேர்சல், அலைவரிசைகளை ஏலத்தில் விற்றால் என்ன என்று அங்குள்ள சட்ட ஆய்விதழில் எழுதினார். அதற்கு மறுப்பு எழுதியவர் எப்.சி.சி.யின் முன்னாள் தலைமைப் பொருளியலாளரான ஸ்மைத்தான். வானலை பொதுச்சொத்து, அதைப் பண்டமாக்கக் கூடாது என்பது அவர் பக்கம். இந்த விவாதத்தை வாசித்த ரொனால்ட் கோஸ் என்ற பொருளியலாளர் மாணவரின் பக்கமே சாய்ந்தார். 1959 இல் அவர் ஆணைக்குழுவின் முன் ஏல யோசனையைச் சொன்னபோது இது வேடிக்கைக்குச் சொல்வதா என்று ஆணையாளர் ஒருவர் கேட்டார். 1991 இல் கோஸுக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவ்வேளையிலும் அமெரிக்காவில் அலைவரிசை ஏலம் தொடங்கியிருக்கவில்லை.

அதற்குப் பதிலாக என்ன நடந்தது? நீண்ட ஒப்பீட்டு விசாரணைகள் நடந்தன. அவை சலித்துப்போனதும் 1980களில் குலுக்கல் முறை வந்தது. செல்லிடத் தொலைபேசி உரிமங்களுக்கு ஏறக்குறைய நான்கு இலட்சம் விண்ணப்பங்கள் குவிந்தன. 1989 இல் கேப் கொட் பகுதி உரிமத்தைக் குலுக்கலில் வென்ற ஒரு குழு அதனைத் தொலைபேசிக் கம்பனி ஒன்றுக்குச் சுமார் 41 மில்லியன் டொலருக்கு விற்றது. பொதுச்சொத்து அதிர்ஷ்டச் சீட்டாயிற்று.

எவன் குவெரல் என்ற இளம் பொருளியலாளர் யேல் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் பதவியை விட்டு 1983 இல் எப்.சி.சி.யில் சேர்ந்திருந்தார். 1985 இல் அவரும் அலெக்ஸ் பெல்கர் என்ற பொறியியலாளரும் சேர்ந்து ஏலமே சரியான வழி என்று ஓர் ஆய்வுத்தாள் எழுதினார்கள். எட்டு ஆண்டுகள் அது கிடந்தது. 1993 ஆகஸ்டில் காங்கிரஸ் ஏலத்துக்கு அதிகாரம் வழங்கியபோது, அதை எப்படி நடத்துவது என்று யோசித்து வைத்திருந்த ஆள் ஏற்கெனவே உள்ளே இருந்தார். கம்பனிகள் ஆளுக்கொரு பேராசிரியரை அமர்த்தி ஆலோசனை அனுப்பின. போல் மில்குரோமும் ரொபர்ட் வில்சனும் முன்வைத்த, எல்லா உரிமங்களையும் ஒரே நேரத்தில் பல சுற்றுகளாக ஏலமிடும் முறையை ஆணைக்குழு ஏற்றது. முன்பின் பரீட்சிக்கப்படாத அம்முறையின் பெறுமதியை உள்ளிருந்து புரிந்துகொண்டு வாதாடியவர் குவெரல். 1994 ஜூலையில் நடந்த முதல் ஏலத்தில் பத்து உரிமங்கள் 617 மில்லியன் டொலர் ஈட்டின. மில்குரோமுக்கும் வில்சனுக்கும் 2020 இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களின் முறையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த உத்தியோகத்தரை ஏலத்தைப் படிப்பவர்கள் மட்டுமே அறிவார்கள்.

ஸ்மைத் சொன்னது முற்றிலும் பிழையென்று நான் கருதவில்லை. ஏலத்தில் பெருந்தொகை கொடுப்பவர் ஏழைக் கிராமத்துக்குக் கோபுரம் கட்டுவார் என்ற உறுதி எதுவும் இல்லை. இரண்டு பொருளியலாளர்கள் இரு துருவங்களில் நின்று வாதாடியதும், இருவருமே பொதுமக்கள் பக்கத்துச் சம்பளத்தில் இருந்தபோது அந்தக் கேள்வியைக் கற்றதும்தான் முக்கியம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. இந்த மேசைகளுக்கும் கம்பனிகளுக்கும் நடுவே ஒரு சுழற்கதவு உண்டு. கொம்காஸ்ட் நிறுவனம் என்.பி.சி. யூனிவர்சலை வாங்குவதற்கு 2011 ஜனவரியில் ஆதரவாக வாக்களித்த ஆணையாளர் மெரடித் பேக்கர், அதே ஆண்டு மே மாதத்தில் அந்த நிறுவனத்துக்கே வேலைக்குச் செல்வதாக அறிவித்தார். இந்தியப் பெற்றோருக்குப் பிறந்த அஜித் பாய் வெரைசன் கம்பனியின் சட்டத்தரணியாக இருந்துவிட்டு 2007 இல் எப்.சி.சி.யின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். 2017 முதல் 2021 வரை தலைவராக இருந்தார். 2025 இல் கைத்தொலைபேசிக் கம்பனிகளின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றார். கதவு எதிர்த்திசையிலும் சுழலும். தொழிற்சங்கத்தில் அல்ல, கம்பனிகளின் சங்கங்களில் காலம் கழித்த டொம் வீலர் 2013 இல் தலைவரானபோது எல்லாரும் ஐயுற்றார்கள். 2015 இல் இணையச் சமத்துவ விதிகளை நிறைவேற்றியவர் அவரே. ஆகவே முந்திய சம்பளத்தை வைத்து மட்டும் ஒருவரை எடைபோட முடியாது. எனினும், நாளைய முதலாளியை இன்று விசாரிக்கும் இளைஞனின் மனம் எப்படி இருக்கும் என்ற கேள்வி சட்டத்தால் தீராதது. புதிய சட்டப் பட்டதாரிகளை இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பயிற்றும் திட்டமொன்றை எப்.சி.சி. நடத்தி வந்திருக்கிறது. அதில் சேர்பவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியுடனேயே வளர்கிறார்கள்.

இந்தக் கதைக்கு இலங்கையில் ஒரு கிளை இருக்கிறது. 1970களில் ஸ்மைத் தமது தாய்நாட்டின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்துக்குச் சென்று தொடர்பாடல் கற்பித்தார். எப்.சி.சி.யின் மற்றொரு முன்னாள் பொருளியலாளரான வில்லியம் மெலடியும் அங்கே கற்பித்தார். அந்தப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் கலாநிதிப் பட்டமும் பெற்ற இலங்கையர் ரொஹான் சமரஜீவ. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1998 இல் நாட்டுக்கு வந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகமானார். 1999 வரை அப்பதவியில் இருந்தார்.

அந்த ஆணைக்குழுவும் அப்போது குழந்தை. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கச் சட்டம் தொலைத்தொடர்புத் திணைக்களத்தைக் கூட்டுத்தாபனமாக்கி, ஒழுங்குபடுத்தலை அதிலிருந்து பிரித்தது. 1996 இன் திருத்தத்தால் ஆணைக்குழு உருவாயிற்று. 1997 இல் ஸ்ரீலங்கா டெலிகொம்மின் 35 சதவீதப் பங்கை ஜப்பானின் என்.டி.டி. வாங்கியது. 1991 வரை தொலைபேசி கொடுத்தவரும் விதி வகுத்தவரும் ஒருவரே. திணைக்களத்தில் ஆண்டுக் கணக்கில் சேர்ந்திருந்த அறிவு முழுவதும் டெலிகொம் பக்கம் சென்றது. ஒழுங்குபடுத்துவோர் பக்கம் ஆட்களை முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. வொஷிங்டனில் 1927 இல் நடந்ததே வேறு உருவில் கொழும்பிலும் நடந்தது.

அந்த நாட்களில் கொழும்புப் பத்திரிகை அலுவலகம் ஒன்றில் நான் இருந்தேன். வடக்கிலிருந்து எங்கள் நிருபர்களின் செய்திகள் கப்பலில் வந்த கடிதங்களாகக் கைக்குக் கிடைக்கும். ஒரு மரணச் செய்தி பத்து நாள் பழையதாக வந்து சேர்ந்ததும் உண்டு. தொலைபேசி இணைப்பு என்பது ஆடம்பரம் அன்று, அது உறவினரின் உயிர்ச் செய்தி என்பதை அறிந்த தலைமுறை நாங்கள். எந்த ஊருக்கு எப்போது இணைப்பு, என்ன கட்டணம், எந்த மொழியில் பதில் என்பவற்றை யாரோ ஒரு மேசையில் யாரோ ஒருவர் எழுதுகிறார். அந்த யாரோ ஒருவர் படித்தவராயும் பயமற்றவராயும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் ஆசையாக இருந்தது.

நண்பரின் மகளை அழைத்துப் பேசினேன். கோப்புகளுக்குள் புதைய நேரலாம், அதில் பொய்யில்லை என்றேன். மார்க்கஸைப் போல ஒதுக்கப்படவும் கூடும். குவெரலைப் போல எட்டு ஆண்டுகள் காத்திருக்கவும் நேரலாம். கம்பனியில் உழைத்தால் பலன் மாத முடிவில் தெரியும். இங்கே பலன் ஒரு தலைமுறை கழித்து, உன் பெயர் தெரியாத ஒருவரின் வீட்டில் தெரியும். கம்பனிக்குப் போவதும் குற்றமன்று. இரண்டில் எதைத் தேர்ந்தாலும், மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உன்னளவு படித்தவராக இருக்க வேண்டும் என்று விரும்பு என்று சொன்னேன்.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அரச நிறுவனத்தின் சம்பளத்தில் ரொறொன்ரோவில் வீட்டு வாடகை கட்ட முடியுமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அரசாங்கங்கள்.